மாலைப் பூவுக்கும் காலைப் பூவுக்கும் நடந்த சம்பந்தம்

மயிலாப்பூரிலேயே மிக அதிகமான சம்பந்திகளை வைத்திருந்த மனிதருக்குப் பிள்ளையும் கிடையாது, பெண்ணும் கிடையாது.

எத்தனை சம்பந்திகள் என்று கேட்டால் முந்நூறு என்பேன். நான் படித்தவன் இல்லை, குதிரை வண்டி ஓட்டியவன். விரல் தீர்ந்துபோனால் அதற்கு மேல் எனக்கு எல்லாமே முந்நூறுதான். ஆனால் அவர் குளத்தங்கரையிலிருந்து லஸ் பக்கம் நடந்து போனால் ஒரு திருமணக் கூட்டத்துக்குள் நடக்கிற மாதிரிதான் இருக்கும். "சம்பந்தி, சௌக்கியமா?" என்று வலப்பக்க வீட்டைக் கேட்பார். "சம்பந்தி, நல்லாகீறீங்களா?" என்று இடப்பக்கக் கடையைக் கேட்பார். வக்கீல் ஐயர் அவருக்குச் சம்பந்தி. சலவைக்காரர் சம்பந்தி. சாந்தோம் டீச்சரம்மா சம்பந்தி. இப்படி ஊரையே அழைத்து அழைத்துக் கடைசியில் அந்தப் பெயர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட "சம்பந்தி வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.

அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். முப்பது வருஷம் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் இனி எதையும் எண்ணுவதில்லை என்று முடிவு செய்து, கொல்லையில் செடிகளுக்குக் கல்யாணம் செய்ய ஆரம்பித்தார். அணில் வால் மயிரை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி வைத்திருப்பார். ஒரு செடியின் பூவில் இருக்கிற மஞ்சள் தூளை அதில் ஒற்றி எடுத்து, இன்னொரு செடியின் பூவில் தடவுவார். தடவிய பூவை மல் துணியில் பை தைத்து மூடி, நூலால் கட்டுவார். வண்டு வரக்கூடாது. "கண்ட பயலும் உள்ள பூந்துட்டா அப்புறம் அது கல்யாணமா?" என்பார்.

தூள் கொடுக்கிற செடி மாப்பிள்ளை. காய் பிடிக்கிற செடி பெண். இதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரே கொல்லையில் வளர்ந்த செடிகள் பங்காளிகள். அவற்றுக்குள் சம்பந்தம் கூடாது. செம்பருத்திக்குச் செம்பருத்தி தன் வீட்டிலேயே நாலு நிறத்தில் நின்றாலும், அண்ணன் தங்கை என்று தள்ளிவிட்டு, வெளியே வரன் தேடிப் போவார். அதுவும் சும்மா போகமாட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், மஞ்சள். முறையாகத்தான் போவார்.

ஒரு தடவை போஸ்டாபீஸ் பெரிய குமாஸ்தா வீட்டுக்கு அப்படிப் போய், "உங்க வூட்டுப் பையனப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்றார். அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு பையன் இருந்தான். முப்பது வயசு, வரன் ஒன்றும் அமையவில்லை. உள்ளே பரபரவென்று கேசரி கிளறினார்கள். பையன் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி வந்து உட்கார்ந்தான். சம்பந்தி கேசரியைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, பையனப் பாக்கலாமா?" என்றார்.

"இதோ உக்காந்துகிறானே!"

"இவன் இல்லீங்க. கெணத்தாண்ட ரெட்ட அடுக்கா, சேப்பா நிக்கிறானே, அவன்."

அந்த வீட்டு அம்மாள் கேசரிக் கரண்டியோடு தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்ததை நான் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் மறு வாரமே அவர்களும் சம்பந்தி ஆகிவிட்டார்கள். அவரிடம் யாராலும் கோபத்தைத் தொடர்ந்து நடத்த முடியாது.

பூந்தூளைப் பொடி டப்பாவில்தான் வைத்திருப்பார். மூக்குப் பொடி டப்பா ஒன்று, பூந்தூள் டப்பா ஒன்று, இரண்டும் ஒரே தினுசு. வக்கீல் ஐயர் ஒரு நாள் பேசிக்கொண்டே கை நீட்டி, டப்பாவைத் திறந்து, இரண்டு மூக்கிலும் தாராளமாக ஏற்றிக்கொண்டார்.

"என்ன ஓய் இது, தும்மலே வரலையே! காரமே இல்லாத பொடியை எங்கே வாங்கறீர்?"

சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயரே, அது பொடி இல்ல. நாலு மாப்ளைங்க. ஒரே இழுப்புல நாலு பொண்ணுங்க தாலியையும் அறுத்துட்டீரே!"

கத்தரியையும் சுண்டையையும் சேர்த்துவைத்த கதையும் உண்டு. கத்தரிக்காய் சுண்டைக்காய் மாதிரி கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்று நினைத்தார். சுண்டைக்காய் அளவில், கத்தரிக்காய் மாதிரி ஒன்றே ஒன்று காய்த்தது. அவர் மனைவியை நாங்கள் சம்பந்தியம்மா என்போம். அந்த அம்மாள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்தால நறுக்கறது? ஊசியாலயா?" என்று கேட்டார்கள்.

நான் சொல்ல வந்தது பீர்க்கங்காய் கதை. இந்த வயசில் நினைவு என் பழைய குதிரை மாதிரி. லகானை விட்டால் பச்சை தெரிகிற பக்கமெல்லாம் ஒதுங்கிவிடும்.

வரி வரியாக முதுகு புடைத்த பீர்க்கு எல்லாருக்கும் தெரியும். அது சாயங்காலம் பூக்கும். வெயில் தணிந்து, கோயிலில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மஞ்சள் மஞ்சளாக விரியும். இன்னொன்று மெழுகுப் பீர்க்கு. வரி இருக்காது, வழவழவென்று இருக்கும். அது விடியற்காலையில் பூக்கும். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே இலை, ஒரே கொடி. அக்காள் குடும்பம், தங்கை குடும்பம் மாதிரி. ஆனால் ஒன்று கண் திறக்கும்போது மற்றது தூங்கிவிடும். உலகம் உண்டான நாள் முதல் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை.

சம்பந்திக்கு இதுதான் ஏழு வருஷமாக மனசில் முள். "அதுங்க ரெண்டுக்கும் ஒரு புள்ள பொறந்தா, அது எப்போ பூக்கும்? காலைலயா, சாயங்காலத்துலயா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சிடணும்" என்பார். எங்கெங்கிருந்தோ மெழுகுப் பீர்க்கின் ஆண்பூவைக் காலையில் வாங்கிவந்து, சாயங்காலம் வரை வைத்திருந்து, தன் கொல்லைப் பீர்க்கில் தடவிப் பார்த்தார். பகல் வெயிலில் மாப்பிள்ளை வாடி வதங்கிப் போவார். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

அப்போதெல்லாம் நான் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தேன். இரண்டாவது உலக சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால். கால்வாயில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் விடியற்காலையில் சத்தமே இல்லாமல் போகும். பனியில் படகு தெரியாது, தள்ளுகிறவனின் தலை மட்டும் மிதந்து போகும். என் மனைவி செங்கேணி ஆடியில் ஊன்றிய மெழுகுப் பீர்க்கு கூரை முழுக்க ஏறியிருந்தது. ஒரு நாள் காலையில் சம்பந்தியை அடையாறு பக்கம் ஏற்றிக்கொண்டு போகும்போது, மறந்துவிட்ட சாட்டையை எடுக்கக் குடிசை வாசலில் வண்டியை நிறுத்தினேன். திரும்பிவந்து பார்த்தால் வண்டியில் ஆள் இல்லை. என் கூரையைப் பார்த்தபடி கை கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

"இது யாரு ஊட்டுப் பொண்ணுப்பா?"

"நம்புள்துதான் ஐயா. செங்கேணி வெச்சது."

அன்றைக்கு அடையாறு போகவில்லை. வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். வழியெல்லாம் ஒரு கணக்கு அவர் உதட்டில் ஓடியது. காலைப் பூவைச் சாயங்காலம் வரை காப்பாற்ற முடியவில்லை. சாயங்காலப் பூவை ராத்திரிக் குளிர்ச்சியில் விடியும்வரை வைத்திருந்தால்? இத்தனை நாளும் பெண் வீட்டுக்காரராகவே அலைந்தவர், முதல் தடவையாக மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

மறுநாள் விடியலில் வந்தார் பாருங்கள். தலையில் ஜரிகைத் தலைப்பாகை, தோளில் அங்கவஸ்திரம். கையில் ஒரு செம்புச் சொம்பு, அதற்குள் ஈரத்துணி, ஈரத்துணிக்குள் முந்தின சாயங்காலம் மலர்ந்த பீர்க்கின் ஆண்பூ. பின்னாலேயே சம்பந்தியம்மா தாம்பாளத்தோடு. செங்கேணி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தவள், வாசலில் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நான் பாயை விரித்தேன். அவர் உட்காரவில்லை. பழைய மாட்டுவண்டிச் சட்டத்தில் நான் செய்திருந்த ஏணியில் ஏறி, முந்தின சாயங்காலமே என்னிடம் சொல்லித் துணி கட்டி வைத்திருந்த பெண்பூவை அவிழ்த்தார். அப்போதுதான் அது விரிந்துகொண்டிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெளுத்தது. அவர் சொம்பிலிருந்து பூவை எடுத்து, மெல்ல, தூங்குகிற குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டார். எங்கள் குதிரை தொரசாணிகூட வாலை ஆட்டவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி!" என்றார்.

நான் வண்டிக்காரன். மாட வீதியில் என் பெயரைச் சொல்லிக்கூட யாரும் அழைத்ததில்லை, "ஏ, ஜட்கா"தான். "காப்பி சாப்பிடறீங்களா ஐயா?" என்றேன். வீட்டில் காப்பி கிடையாது.

நாலு பூவுக்குக் கல்யாணம் நடந்தது. அதில் இரண்டு பிஞ்சு, மூன்றே நாளில் மஞ்சளாகி விழுந்தன. மிச்சம் இரண்டு பிஞ்சும் விரல் நீளம் வளர்ந்தன. தாழ்வாரத்தில் தொங்கிய பிஞ்சைத் தொரசாணி ஒரு நாள் துணிப்பையோடு சேர்த்துத் தின்றுவிட்டாள். சம்பந்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. குதிரையோடு மட்டும் பேசினார். "உனக்கு இன்னாடி கொறச்சல்? கொள்ளு இல்லையா, புல்லு இல்லையா? என் பேரனாடி கெடச்சான்?" அவள் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டாள். அவரும் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டார். சொன்னேனே, அவரிடம் கோபம் நடக்காது. அவராலும் நடத்த முடியாது.

ஆக, ஒரே ஒரு காய். கூரை நடுவில், நல்ல உயரத்தில். அது முற்றி, காய்ந்து, உள்ளே விதை ஆடுகிறவரை கொடியை விட்டு எடுக்கக்கூடாது. அதற்கு ஐப்பசி கடைசி ஆகும்.

அங்கேதான் சங்கடம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைக்குப் புதுக் கீற்று போட்டாக வேண்டும். போன வருஷத்துக் கீற்று மக்கிப்போயிருந்தது. உள்ளே படுத்தால் நட்சத்திரம் தெரியும். கீற்று மாற்ற வேண்டுமானால் கொடியைப் பிடுங்க வேண்டும். செங்கேணிக்கு அப்போது எட்டு மாசம்.

"ஏன்யா, பீர்க்கங்காய்க்குக் கூரை, எனக்கு வானமா?" என்று கேட்டாள்.

நான் தொரசாணிக்குப் புல் அள்ளப் போனேன். விடாமல் பின்னாலேயே வந்தாள்.

"எனுக்கு வவுத்துல ஒண்ணு கீது. அதும் மழைல நனையணுமா? நாளிக்கி நீ புடுங்கறியா, நான் புடுங்கட்டா?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் ஏழு வருஷம் காத்திருந்த மனிதரிடம் யார் போய்ச் சொல்வது? நான் போனேன். கொல்லையில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் அணில் மயிர்க் குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து, துடைத்து, கடைசியில், "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. புடுங்கிடு சம்பந்தி. குடிசை இருக்கட்டும்" என்றார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அரிவாளோடு ஏணியில் ஏறினேன். அந்தச் சமயம் பார்த்து வாசலில் ஒரு ரிக்‌ஷா. சம்பந்தியம்மா இறங்கினார்கள். கையில் தாம்பாளம், பூ, வெற்றிலை பாக்கு. இத்தனை வருஷமும் புருஷனின் கல்யாணங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்த அம்மாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே செங்கேணியிடம் போய்ப் பூவை நீட்டினார்கள்.

"மழை முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் நம்ம வூட்ல வந்து இருக்கணும். உன் பிரசவமும் அங்கதான். நான் பாத்துக்கறேன்."

செங்கேணி மிரண்டுபோனாள். "ஐயோ, உங்க வூட்டாண்ட நாங்க எப்டிம்மா? தெருவுல இன்னா சொல்வாங்க? நாங்க பின்னால கொட்டாயில வேணா..."

"சம்பந்தி வூட்டாரைக் கொட்டாயில படுக்க வெச்சா எங்களைத்தான் நாலு பேரு சிரிப்பாங்க. ஏறு வண்டியில."

நடுக்கூடத்தில் எங்களுக்குப் பாய் போட்டார்கள். தெரு இரண்டு நாள் பேசியது. வக்கீல் ஐயர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அக்கிரமம் இது? வண்டிக்காரன் கூடத்திலே இருக்கான். வீட்டுக்காரர் எங்கே?"

வீட்டுக்காரர் என் குடிசையில் இருந்தார். காய்க்குக் காவல் வேண்டாமா? துறைமுகத்துப் பழைய தார்ப்பாய் ஒன்று, குடை ஒன்று, பொடி டப்பா இரண்டு எடுத்துக்கொண்டு குடியேறிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. நான் தினமும் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோவேன். குடிசைக்குள் கால் வைத்தால் முந்நூறு இடத்தில் ஒழுகும். மேலே கூரையில் தார்ப்பாய் பந்தல் மாதிரி கட்டி, அதற்கும் மேலே குடையை விரித்து வைத்திருந்தார். உள்ளே மனிதர் நனைந்துகொண்டிருந்தார். வெளியே காய் நனையாமல் காய்ந்துகொண்டிருந்தது.

"சளி புடிச்சிக்கும் ஐயா, வூட்டுக்கு வாங்க."

"இரு, இரு. படகு போவுது பாரு." மழைத் தாரைக்கு அந்தப் பக்கம் படகு ஒன்று கனவு மாதிரி போய்க்கொண்டிருக்கும். "முப்பது வருசம் தண்ணியாண்டயே நின்னேன் சம்பந்தி. ஒரு நாளும் தண்ணியப் பாக்கல. மூட்டையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். சோற்றில் மழைத்துளி விழும். அதையும் சேர்த்துச் சாப்பிடுவார்.

செங்கேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, அவர் வீட்டில், சம்பந்தியம்மா கையில். நான் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய்ச் சொன்னேன். "பொண்ணு பொறந்துகீது ஐயா!"

எழுந்து நின்றுவிட்டார். முதல் கேள்வி, "எத்தினி மணிக்கு?"

"விடியக் காலைல."

"அப்போ காலைப் பூ" என்று சொல்லி, ஈர வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து வெயில் வந்தது. காய் பழுப்பாகி, கையில் எடுத்தால் கிலுகிலுப்பை மாதிரி இருந்தது. கூடத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து உடைத்தோம். கைநிறைய விதை கொட்டியது. சம்பந்தி ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தினார். சப்பை. சப்பை. சப்பை. எல்லாம் காற்று. அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அமுங்காமல் நின்றது இரண்டே விதை.

தையில் ஊன்றினார். ஒன்று முளைத்தது.

பங்குனியில் முதல் மொட்டு. அன்றைக்கு விடியலிலிருந்து கொடியின் கீழ் உட்கார்ந்தார். பூக்கவில்லை. காலைப் பூ இல்லை, சரி, சாயங்காலம்தான் என்று சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயர்ந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து வந்து பார்த்தால் பூ மலர்ந்து, வாடியும் விட்டிருந்தது. மறுநாள் என்னையும் வரச் சொன்னார். வண்டியை அவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உச்சி வெயில் சாய்ந்தது. மயிலாப்பூர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுக் கயிறு அசையவில்லை, காக்கை கத்தவில்லை. தெருவில் ஐஸ்காரன்கூட வண்டிக்கடியில் படுத்துவிட்டான். மூன்று மணி இருக்கும். யாருமே பார்க்காத அந்த நேரத்தில், காலையும் இல்லாமல் மாலையும் இல்லாமல், மொட்டு மெதுவாக அவிழ்ந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பூ முழுக்க விரிகிறவரை விடவில்லை.

பிறகு அது காய்த்தது. பாதி உடம்பில் வரி, பாதி உடம்பு வழவழப்பு. சம்பந்தியம்மா பருப்பு போட்டுக் கூட்டு செய்து, எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். கூடத்தில் இலை போட்டார்கள். செங்கேணி மடியில் குழந்தை.

நான் வேப்பங்கொழுந்து தின்றிருக்கிறேன், நிலவேம்புக் கஷாயம் குடித்திருக்கிறேன். அந்தக் கூட்டுக்கு முன்னால் அதெல்லாம் பாயசம். நாக்கில் பட்டதும் காது அடைத்துக்கொண்டது. செங்கேணி வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சம்பந்தியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "அடக் கடவுளே" என்று கரண்டியைக் கீழே வைத்தார்கள். சம்பந்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, கசப்பாலோ என்னவோ. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எப்டிகீது சம்பந்தி?"

நான் இலையை முன்னால் தள்ளி, இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.